ஒரு குடம் ஏற ஏழு குடம்: கல்வராயன் மலையில் ஒரு பகல்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பார்க்காத ஓர் இயந்திரத்தைப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். டீக்கடையில் சொன்ன பொய்தான். ஆனால் அதை நம்பி ஒரு பெண் பதினொரு மாதம் படம் வரைந்துவிட்டாள். ஐம்பத்திரண்டு வயதில் இப்படி அளக்க எந்த அவசியமும் இல்லை. வாய் இருந்தது, பேசிவிட்டேன்.

அந்தப் பெண் தேன்மொழி. விழுப்புரத்தில் எங்கள் தெருவில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, தனியாளாக ஓர் அனிமேஷன் படம் செய்துகொண்டிருந்தாள். பன்னிரண்டு நிமிடப் படம். விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் ஒரு கண்டுபிடிப்பாளர். மேட்டில் இருக்கும் வீட்டுக்கு அவர் மனைவி தினமும் ஓடையிலிருந்து வாளி வாளியாகச் சுமக்கிறாள். கரி, எண்ணெய், ஆள் பலம் எதுவும் இல்லாமல், ஓடுகிற தண்ணீரே தண்ணீரை மேலே தள்ளும்படி ஓர் இயந்திரம் செய்ய அவர் பாதி ஆயுளைச் செலவழிக்கிறார். அது ஓடுகிற நாளில் மனைவி படுத்த படுக்கை. (கல்லறையைத் தேடிப் போகாதீர்கள். அந்தக் காலத்தில் இதே வேலையில் கிடந்த பலரைக் குழைத்து நாங்கள் செய்த ஆள் அவர்.) இயந்திரம் மட்டும் நிஜம். ஹைட்ராலிக் ராம் என்பார்கள்.

வசனம் நான். ஒரு பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு தேன்மொழி ஒருநாள் டீக்கடையில் கேட்டாள்: "அடியில ஒரு அம்புக்குறி வெளிய போவுதே, அது என்னா சார்?"

"காத்து மா. இருபத்தஞ்சு வருசம் முன்னாடி கல்வராயன் மலையில கண்ணால பாத்துருக்கேன். ஒரு சொட்டு சிந்தாது" என்றேன். அதோடு விட்டேனா? கடைசிக் காட்சியில் கண்டுபிடிப்பாளர் மனைவியிடம் சொல்லும் வசனத்தையும் அப்படியே எழுதினேன்: 'பார், ஒரு துளிகூட வீணாகவில்லை.' எழுதிவிட்டு நானே கண் கலங்கினேன். அது தனி அசிங்கம்.

வினை ஐப்பசியில் வந்தது. படம் முடிகிற நேரம், இயந்திரத்தின் அசல் சத்தம் வேண்டும் என்றாள். "நீங்க பாத்த எடத்துக்கே போலாம் சார்." அவளுக்கு அவகாசம் இல்லை. அடுத்த முதல் தேதி ஐதராபாத்தில் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர வேண்டும். சேர்ந்த பிறகு சொந்தப் படத்தில் கை வைக்கக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். அதற்குள் முடியாவிட்டால் இந்தப் படம் என்றைக்கும் முடியாது. மீதி இருந்தது பத்தொன்பது நாள்.

கள்ளக்குறிச்சியில் பைப் கடை வைத்திருக்கும் நண்பருக்குத் தேன்மொழிக்குத் தெரியாமல் போன் போட்டுக் கெஞ்சினேன். என் நல்ல நேரம், வெள்ளிமலைக்கு அப்பால் ஓர் ஊரில் ராசாத்தி என்கிற அம்மாவின் நிலத்தில் உண்மையிலேயே ஒன்று ஓடுகிறதாம். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை 5.40க்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினோம். கள்ளக்குறிச்சி ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். திருக்கோவிலூர் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். தென்பெண்ணையைக் கடக்கும்போது வெயில் ஏறியிருக்காது. இடப்பக்க ஜன்னல் நல்லது. தியாகதுருகம் தாண்டும்போதே பசிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 8.10க்குக் கள்ளக்குறிச்சி. பஸ் நிலையத்துக்கு எதிரே பொங்கல், வடை, காபி, இரண்டு பேருக்கு 150 ரூபாய். வடை முந்தின நாளையது என்பது என் சந்தேகம், நிரூபிக்க முடியவில்லை.

மலைக்கு பஸ் உண்டு. எங்களுக்கு வெள்ளிமலையில் இறங்கிய பிறகும் போக வேண்டியிருந்ததால் கார் பேசினோம், நாள் முழுக்க 2,800. ஓட்டுநர் முருகேசன், நைனார்பாளையத்துக்காரர். எதற்குப் போகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டபின் ஸ்டியரிங்கைத் தட்டினார்.

"இன்னா சார், சத்தம் புடிக்கவா மலைக்குப் போறீங்க? எங்க வூட்லயே ஜாஸ்தி கெடக்குது. வந்து புடிச்சிக்கினு போங்க. புண்ணியமாப் போவும்."

கச்சிராயபாளையம் வரை வயல், அதன் பிறகு ஏற்றம். கொண்டை ஊசி வளைவுகளில் தேன்மொழி மடிக்கணினியைக் குழந்தை மாதிரி அணைத்திருந்தாள். நான் இருபத்தைந்து வருடத்துக்கு முன் இந்தப் பாதை எப்படி இருந்தது என்று முருகேசனுக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். அப்போது நான் வந்தது நண்பர்களோடு அருவியில் குளிக்க. அதுவும் பாதியில் வயிறு கெட்டுத் திரும்பிவிட்டோம். வெள்ளிமலையில் மீட்டர் 44 கிலோமீட்டர் காட்டியது. அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் மண் கலந்த தார்ச்சாலை, பிறகு மரவள்ளிக் காட்டு வரப்பில் கால் மணி நேர நடை, முருகேசனும் கூட வந்தார். செருப்பு வழுக்கும், ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.

இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டது. டக்... டக்... டக். ஒரு நொடிக்கு ஒரு தடவை, யாரோ பொறுமைசாலி கதவைத் தட்டுகிற மாதிரி.

ராசாத்திக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மரவள்ளி பிடுங்கின மண் கையோடு வந்தார். ஓடையோரத்தில் இடுப்புயரத்துக்கு ஓர் இரும்புக் குடுவை, அதன் காலடியில் ஒரு வால்வு. மேலேயிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் அந்த வால்வு வழியே பாய்ந்து கொட்டுகிறது. வேகம் கூடினதும் வால்வு தானாக அறைந்து மூடிக்கொள்கிறது. அந்த அதிர்ச்சியில் கொஞ்சம் தண்ணீர் மெல்லிய குழாயில் ஏறி மேட்டு வீட்டுக்குப் போகிறது. வால்வு மறுபடி விழுகிறது, மறுபடி கொட்டுகிறது. சுற்றிலும் முழங்கால் வரை நனைக்கிற தண்ணீர்.

"எப்ப வச்சதுக்கா இது?" என்று தேன்மொழி கேட்டாள்.

"ஆறு வருசம் ஆவுதும்மா. மலையில மொத மொத வச்சதே இதான்."

"அதுக்கு முன்ன?"

"முன்ன இன்னா, தலைதான். என் தலையும் எங்க மாமியா தலையும்."

தேன்மொழி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முருகேசன் பார்த்தார், நன்றாகவே.

ஒலிப்பதிவு முடிந்ததும், என்ன படம் காட்டுங்கள் என்று ராசாத்தி கேட்டார். வரப்பில் மடிக்கணினியை வைத்து, இயந்திரம் ஓடும் காட்சியைப் போட்டாள். அழகான காட்சி. பித்தளை மின்னுகிறது, தண்ணீர் வெள்ளி நூலாக மேலே ஏறுகிறது, கீழே தரை காய்ந்து சுத்தமாக இருக்கிறது. ராசாத்தி இரண்டு தடவை பார்த்தார்.

"தண்ணி சிந்தவே இல்லியேம்மா."

"சிந்தாதுன்னு..." என்று தேன்மொழி ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"சிந்தாம எப்பிடி ஏறும்? ஏழு கொடம் கீழ வுட்டாத்தான் ஒரு கொடம் மேல போவும். இது ஓடாதும்மா."

குறையாகச் சொல்லவில்லை. மாடு சினையாக இல்லை என்று சொல்கிற தொனி. நாங்கள் நம்பவில்லையோ என்று எழுந்துபோய் வால்வைக் கையால் இழுத்து மூடிப் பிடித்துக்கொண்டார். கொட்டுவது நின்றது. டக் டக்கும் நின்றது. மேட்டிலிருந்த தொட்டியில் விழும் தண்ணீரும் கொஞ்ச நேரத்தில் நின்றது. ஓடை மட்டும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்படி ஒரு அமைதியை நான் எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை.

பிறகு கையை எடுத்து, குதிகாலால் வால்வை நாலைந்து தரம் மிதித்தார். அது மூச்சுப் பிடித்துக்கொண்டு மறுபடி தட்ட ஆரம்பித்தது.

"சார்தான் முன்னயே பாத்துருக்காராமே" என்றார் முருகேசன், ஓடையைப் பார்த்துக்கொண்டு.

"பாக்கல" என்றேன். "பொய் சொன்னேன் மா. அந்த அம்பு காத்து இல்ல, தண்ணி."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "முப்பத்தோரு ஷாட்" என்றாள்.

"அப்படியே வுட்டுடலாமே. யாருக்குத் தெரியப்போவுது?" இதையும் நான்தான் சொன்னேன். என் வாயைப் பற்றி முதலிலேயே எச்சரித்திருக்கிறேன்.

"இந்த அக்காவுக்குத் தெரியுமே சார்." அவ்வளவுதான். பிறகு ராசாத்தியிடம் கேட்டாள்: "இவ்ளோ தண்ணி வீணாப்போறது கஷ்டமா இல்லியாக்கா?"

"வீணுன்னு யாரு சொன்னா? கீழ எங்க கொழுந்தனாரு நெல்லு போட்டுருக்காரு."

இறங்கும்போது நான் அந்தக் கண்டுபிடிப்பாளரை நினைத்துக்கொண்டு வந்தேன். பாதி ஆயுளைக் கொட்டித்தான் ஒரு வாளியை மேலே ஏற்றியிருக்கிறார். அவர் மனைவியோ அதை விட அதிகம் கொட்டியிருக்கிறாள். இதையெல்லாம் துடைத்துவிட்டு, காய்ந்த தரையில் நின்று 'ஒரு துளிகூட வீணாகவில்லை' என்று அவரை வசனம் பேச வைத்தவன் நான்.

தேன்மொழி முப்பத்தோரு ஷாட்டையும் புதிதாக வரைந்தாள். சிந்தும் தண்ணீருக்கு வண்ணம் தீட்டும் வேலையை எனக்குக் கொடுத்தாள். கம்ப்யூட்டரில் நீலத்தை மட்டும் நம்பிக் கொடுக்கலாம் என்று நினைத்திருக்கலாம். பதினெட்டாம் நாள் மத்தியானம் முடிந்தது. கடைசிக் காட்சியில் இப்போது வசனமே இல்லை. முழங்கால் வரை நனைந்து, காலடியில் கொட்டுகிற தண்ணீரில் அவர் நிற்கிறார். மேலே, படுக்கையருகே, ஒரு வாளி நிறைகிறது.

போகிறவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகையில் ஓடைகளில் தண்ணீர் இருக்கும், மழை நாளில் பாறைப் பக்கம் போகாதீர்கள். பெட்ரோலைக் கீழேயே போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிமலைக்கு அப்பால் போன் வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். மாலை நாலு மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். நிலத்தில் கால் வைக்குமுன் நிலத்துக்காரரைக் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், இதற்குச் செலவில்லை.

சத்தத்தையும் சொல்லிவிட வேண்டும், அதற்காகத்தானே போனோம். மலையில் பதிவு செய்ததை வைத்துப் படத்தைப் போட்டுக் காட்டியபோது, பார்த்த ஆறு பேரும் சத்தம் போலியாக இருக்கிறது என்றார்கள். இப்போது படத்தில் நீங்கள் கேட்கும் டக் டக், எங்கள் வீட்டுக் குக்கர் மூடியில் நான் எவர்சில்வர் டம்ளரால் தட்டியது.