வெள்ளத்தில் பேசிய மைக்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மழையில் நடந்தது இது. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, அடையாற்றை ஒட்டினாற்போல் இருக்கிறது நாங்கள் வசிக்கும் காலனி. 'நாங்கள்' என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அப்போது என் கணவர் தவறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகள் கல்யாணமாகி பெங்களூரில் இருந்தாள். கீழ்ப் போர்ஷனில் நான் மட்டும். முதல் மாடியில் புதிதாகக் குடிவந்த ஒரு இளம் தம்பதி.

என் கணவர் அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். வெற்றிலை, சிகரெட், சீட்டு எதுவும் கிடையாது. ஆனால் பழைய மைக் என்றால் உயிர். வெள்ளிக்கிழமை விடிந்தால் ஆபீஸுக்கு முன்னால் பல்லாவரம் சந்தைக்கு ஒரு நடை போய்விடுவார். உடைந்த மிக்ஸி, துருப்பிடித்த பூட்டு, கை போன பொம்மை என்று குவித்து வைத்திருப்பார்களே, அதற்குள் துழாவி எப்படியாவது ஒரு மைக்கைக் கண்டுபிடித்து விடுவார். சாயங்காலம் நியூஸ் பேப்பரில் சுற்றிய பொட்டலத்தோடு வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏதோ கைக்குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி இருக்கும்.

ஒன்று வெள்ளி நிறத்தில், விலா எலும்பு மாதிரி கோடு கோடாக. இன்னொன்று வட்டமான வளையத்துக்கு நடுவே ஸ்பிரிங்கில் தொங்கும். இன்னொன்று சொப்பு சாமான் மாதிரி குட்டியாக. எந்த மேடையில் யார் பேசியதோ, எந்தக் கல்யாணத்தில் நாதஸ்வரத்துக்கு முன்னால் நின்றதோ! இதற்கென்றே மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சின்ன அறை ஒன்றைக் கட்டி, அலமாரி அடித்து, வரிசையாக வைத்திருந்தார். சோதித்துப் பார்க்க ஒரு பழைய ஆம்ப்ளிஃபையரும், ஊர்த் திருவிழாவில் கட்டுவார்களே, அந்தக் குழாய் ஸ்பீக்கர் ஒன்றும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒயரை மாட்டிவிட்டு என்னைக் கூப்பிடுவார். நான் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேலே போய், "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லிவிட்டு வருவேன். "வேற ஏதாவது பேசேன்" என்பார்.

"என்னத்தைப் பேச?"

"மனசுல தோணுறதைப் பேசு."

"அதையெல்லாம் மைக்குல பேசினா காலனியில ஒருத்தரும் நம்மகூட பேசமாட்டாங்க" என்பேன். சிரிப்பார். உண்மையில் நான் நாலு பேர் கூடினால் வாயே திறக்காத ரகம். காலனிச் சங்கக் கூட்டத்தில்கூட கடைசி நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

அவர் போன பிறகு அந்த அறைக் கதவைத் திறப்பதே பெரும்பாடாக இருந்தது. திறந்தால் அவர் உபயோகித்த தேங்காய் எண்ணெயும் ஈயப் பற்று வாசனையும் கலந்து முகத்தில் அடிக்கும். "யாருக்காவது குடுத்துடும்மா, நீ தனியா அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காதே" என்று மகள் சொன்னாள். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. சினிமா ஷூட்டிங்குக்குப் பழைய சாமான்களை வாடகைக்கு விடுகிற ஒருவர் வடபழனியிலிருந்து வந்து பார்த்தார். பிடித்துப் போயிற்று. அடுத்த வாரம் வேன் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த அடுத்த வாரம்தான் மழை பிடித்துக்கொண்டது.

ஓயாமல் பெய்தது. காலையில் கோலம் போடலாம் என்று கதவைத் திறந்தால், வாசற்படியில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் வீட்டுக்குள் வந்துவிட்டது. மாடித் தம்பியும் அவன் மனைவியும் ஓடி வந்து என்னையும் கையில் கிடைத்ததையும் மேலே ஏற்றினார்கள். கரண்டை நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் செல்போனில் சிக்னலும் போயிற்று. மறுநாள் மொட்டை மாடியில் நின்று பார்த்தபோது தெரு என்று ஒன்று இல்லை. காம்பவுண்ட் சுவர்கள் எல்லாம் முங்கி, ஒரே காப்பி நிறத் தண்ணீர். அதில் யார் வீட்டுக் காஸ் சிலிண்டரோ ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது.

எங்களுக்குப் பயமாக இருந்தாலும் ஆபத்தில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் ஆபத்து. அவருக்குச் சிறுநீரகக் கோளாறு. முறை தவறாமல் டயாலிசிஸ் செய்ய வேண்டும். அந்த முறை அன்றைக்கு முந்தின நாளே தப்பிப் போயிருந்தது. எங்கள் மாடிக்கும் அவர்கள் மாடிக்கும் கை எட்டுகிற தூரம்தான். அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து மேலே குடை பிடித்திருந்தார் அவர் கணவர். முகமும் காலும் வீங்கி, அக்காவை அடையாளமே தெரியவில்லை.

"உள்ள போய் படுத்துக்கக் கூடாதாக்கா?" என்றேன்.

"படுத்தா மூச்சு முட்டுது. இப்படியே இருக்கேன்" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்தி.

மெயின் ரோடு பக்கம் மோட்டார் படகுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் லாரியில் படகு ஏற்றிவந்து ஆட்களை மீட்கிறார்கள் என்று யாரோ மாடிக்கு மாடி சொல்லியனுப்பியிருந்தார்கள். ஆனால் எங்கள் சந்துக்குள் ஒரு படகும் வரவில்லை. மாடித் தம்பி என் சிவப்புப் புடவையைக் கம்பில் கட்டி ஆட்டினான். தட்டைத் தட்டினோம். தொண்டை கிழியக் கத்தினோம். அந்த மழைச் சத்தத்தில் எதுவும் எடுபடவில்லை. மணி நாலுதான் இருக்கும். வானம் அதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. எப்போதும் ஏதாவது கேலி பேசும் அக்காவின் கணவர், குடையைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் மாடித் தம்பியின் மனைவி, "ஆன்ட்டி, அங்கிளோட மைக் இருக்கே?" என்றாள்.

"கரண்ட் இல்லையேம்மா" என்றேன். சொல்லி முடிக்கும்போதே ஞாபகம் வந்தது. அந்த ஆம்ப்ளிஃபையர் பேட்டரியிலும் ஓடும். கரண்ட் இல்லாத ஊர்க் கூட்டங்களுக்காகவே செய்தது என்று அவர் பெருமையாகச் சொல்வார். முதல் மாடியில் அவர்களுடைய இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தது. செல்போனுக்கு வேண்டுமே என்று சிக்கனமாக நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அந்தக் கனமான பேட்டரியைச் சாக்கில் வைத்து, தம்பி மேலிருந்து இழுக்க நாங்கள் இருவரும் கீழிருந்து தள்ள, ஒவ்வொரு படியாக ஏற்றினோம். குழாய் ஸ்பீக்கரைத் தண்ணீர் டேங்க் தூணில் மெயின் ரோட்டைப் பார்க்கக் கட்டினான் அவன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்! எந்த ஒயர் எங்கே போகும் என்பது கைக்குத் தானாக வந்தது. ஆம்ப்ளிஃபையரின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்ததும் மாடித் தம்பியின் மனைவி என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

முதலில் அவருடைய செல்ல மைக்கை, அந்த வெள்ளி நிறத்தில் இருந்ததை, மாட்டினேன். சத்தமே இல்லை. வளைய மைக்கில் வெறும் 'உம்' என்ற இரைச்சல். அடுத்ததும் அப்படித்தான். ஈரமோ, ஒயர் போயிருந்ததோ தெரியவில்லை. அலமாரியின் ஓரத்தில், பெயின்ட் உரிந்து தலையில் நசுங்கல் விழுந்த ஒன்று கிடந்தது. சந்தைக்காரர் வேறு ஏதோ வாங்கியதற்குக் கொசுறாகக் கொடுத்தது. அதை மாட்டி சுவிட்சைத் தள்ளினேன். வெளியே தண்ணீருக்கு மேல் 'டக்' என்று ஒரு சத்தம் போயிற்று.

"நீ பேசுப்பா" என்று தம்பியிடம் நீட்டினேன்.

"எனக்கு இந்த ஏரியாவே தெரியாது ஆன்ட்டி. நீங்கதான் பேசணும்."

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். வாயில் வந்தது, "ஒண்ணு, ரெண்டு, மூணு." என் குரல் எங்கேயோ போய் மோதித் திரும்பி வந்தது. அவ்வளவு பெரிதாக என் குரலை நான் கேட்டதே இல்லை. அப்படியே நின்றுவிட்டேன். அக்கா நாற்காலியிலிருந்து கையை லேசாகத் தூக்கி, பேசு என்பதுபோல் ஆட்டினார்.

"படகுல இருக்கிறவங்களுக்கு... இங்க ஒரு அம்மாவுக்கு டயாலிசிஸ் பண்ணணும். மூச்சு விட முடியாம கஷ்டப்படுறாங்க. தயவு செஞ்சு உள்ள வாங்க." திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

மோட்டார் சத்தம் நின்றது. போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் தூரத்தில் ஒரு ஆண் குரல்: "எங்கிருந்தும்மா பேசற? மழையில ஒண்ணியும் தெரில!"

வழி சொல்லத் தொடங்கினேன். அந்தக் குரல் குறுக்கிட்டது. "பேசிக்கினே இரு! நிறுத்தாத! சத்தத்த வெச்சிக்கினே வந்துர்றோம்!"

அன்றைக்குப் பேசின மாதிரி நான் வாழ்க்கையில் பேசியதில்லை. "மருந்துக் கடை போர்டு தெரியும், அதைத் தாண்டி உள்ள திரும்புங்க. இடது பக்கம் ஒதுங்காதீங்க, அது காலி மனை, கம்பி வேலி தண்ணிக்குள்ள இருக்கு. டிரான்ஸ்பார்மரை விட்டு நல்லா தள்ளி வாங்க. பச்சை வீட்டு வாசல்ல கார் முங்கியிருக்கு, மோட்டார் மாட்டிக்கும்." ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். நான் சொல்லச் சொல்ல அந்தந்த வீட்டு மாடியிலிருந்து ஆட்கள், "ஆமா, இங்கதான்! இப்படி வாங்க!" என்று குரல் கொடுத்தார்கள்.

நடுவே ஒரு தென்னை மரம் விழுந்து வழியை அடைத்திருந்தது. அதைச் சுற்றி வர நேரமாயிற்று. எனக்குச் சொல்ல வழி தீர்ந்துவிட்டது. நிறுத்தினால் திசை தப்பிவிடுமே! முருங்கை மரத்து டீச்சர் வீடு, அவர் தரும் கீரை, சாயங்காலம் பால்காரர் அடிக்கும் மணி, யார் வீட்டு நாய் யாரைப் பார்த்தால் குரைக்கும் என்று வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினேன். யாரோ ஒரு மாடியில் சிரித்தார்கள். அந்த மழையில், அந்த நிலைமையில், ஒரு சிரிப்புச் சத்தம்!

நீல நிறப் படகின் முனை பச்சை வீட்டைத் தாண்டி வந்ததைப் பார்த்ததும் என் குரல் உடைந்துவிட்டது. ஆனாலும் அது சுவரோரம் வந்து நிற்கும்வரை நிறுத்தவில்லை.

பிளாஸ்டிக் நாற்காலியோடு அக்காவைக் கயிறு கட்டி, முதல் மாடி சன்ஷேடு வழியாகப் படகுக்குள் இறக்கினார்கள். அவர் கணவரும் கூடவே இறங்கிக்கொண்டார். கோவளம் பக்கத்து மீனவர்கள். நனைந்து விறைத்துப் போயிருந்தார்கள். என்ன சாப்பிட்டிருந்தார்களோ! படகைத் திருப்பும்போது முன்னால் நின்றவர் அண்ணாந்து, "மைக்குல பேசனது நீயாம்மா?" என்றார். தலையாட்டினேன்.

"தொண்ட போயிருக்கும். சுடுதண்ணி குடி" என்றார் அவர். "நாளைக்கும் வர்றோம். அந்த மைக்க எடுத்துறாத."

சொன்னபடி மறுநாளும் வந்தார்கள். தண்ணீர் வடியும்வரை அந்த நசுங்கல் மைக்தான் எங்கள் காலனியின் தபால்காரர். பால் வந்திருக்கிறது, மெழுகுவர்த்தி வேண்டுமா, யாருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது என்று மாடிகளிலிருந்து சத்தம் போடுவார்கள். நான் மைக்கில் திருப்பிச் சொல்வேன். பேட்டரி தீர்ந்தபோது டீச்சர் வீட்டிலிருந்து, முன்பே கழற்றி வைத்திருந்த கார் பேட்டரியைப் படகில் கொடுத்தனுப்பினார்கள்.

செல்போனுக்கு உயிர் வந்ததும் முதலில் பேசியது, ஆஸ்பத்திரியிலிருந்து, அக்காவின் கணவர். "அம்மா, அவ இட்லி கேக்குறா. அதுவும் கெட்டிச் சட்னியோட வேணுமாம்" என்றார்.

சேறெல்லாம் கழுவி முடிந்த சமயத்தில் வடபழனிக்காரர் வேனோடு வந்து நின்றார். காபி கொடுத்தேன். "தர்றதா இல்லை சார், மன்னிச்சுக்குங்க" என்றேன். மனிதர் நல்லவர். ஏன் என்று கேட்கவில்லை. அறையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "வெள்ளி மைக்கை மட்டும் துணி சுத்தி வைங்கம்மா, கறுத்துப் போகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தாம்பரம் மார்க்கெட் பக்கத்து ரேடியோ கடைக்குக் கொண்டுபோய் ஒயர் மாற்றினேன். சிலது பேசின, சிலது பேசவே இல்லை. பேசுகிறவற்றைக் காலனியில் பொங்கல் கோலப் போட்டிக்கும் கொடியேற்றத்துக்கும் எடுத்துப்போகிறேன். அறிவிப்பும் நானேதான். குழந்தைகளுக்கு நான் 'மைக் ஆன்ட்டி'. எல்லா விழாவிலும் ஒரு கணம் மட்டும், சுவிட்சைத் தள்ளுகிற அந்த நேரத்தில், அவர் ஒயரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். அப்புறம் சரியாகிவிடும்.

அக்காவும் அவர் கணவரும் கீழ்க்கட்டளையில் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். டயாலிசிஸ் தொடர்கிறது, அவர் கணவரின் கேலியும் தொடர்கிறது.

போன மாதம் என்னோடு படித்த தோழி ஒருத்தி போன் செய்தாள். கணவர் இறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஒன்றும் சொல்லாமல் மறுமுனையில் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள். முன்பானால் என்ன சொல்வதென்று தெரியாமல் நானும் வாயடைத்துப் போயிருப்பேன். அன்றைக்கு எங்கள் தெருவைப் பற்றிச் சொன்னேன், சமையலைப் பற்றிச் சொன்னேன், மழை வரும்போல் இருக்கிறது என்றேன். வெகு நேரம் கழித்து, "நாளைக்கும் பேசுறியா?" என்று மட்டும் கேட்டாள். கண் தெரியாத மழையில் தவிக்கிறவருக்கு எல்லா வழியும் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கரை சேரும்வரை என் குரல் அவர் காதில் விழுந்துகொண்டிருக்க வேண்டும் என்பது மட்டும் அந்த மழையில் எனக்கு விளங்கிவிட்டது.