தலைகீழாக விரித்த துணி

ஆண்டவருக்குள் அன்பான சகோதரங்களே, நான் சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். இப்போது நானே சிரிக்கிறேன். போன தவக்காலத்தில் மட்டும் எனக்குச் சிரிக்க முடியவில்லை.

பேசாலைக்குப் பக்கத்து ஊர் எனக்கு. உயர்தர வகுப்பில் படிக்கிறேன். எங்கள் கோவிலில் தவக்காலத்தில் இரண்டு சனிக்கிழமைகள் திருப்பாடுகளின் நாடகம் நடக்கும். எனக்கு வெரோணிக்கா வேடம். இயேசுவின் முகத்தைத் துடைத்துவிட்டு, திருமுகம் பதிந்த துணியைச் சனங்களுக்கு விரித்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதல் சனிக்கிழமை அதையும் கெடுத்தேன். தாடி மேலே, முள்முடி கீழே. பின்னுக்கு இருந்தவர்கள் சிரிக்கும்வரை எனக்குத் தெரியவே தெரியாது.

நான் வீட்டுக்குப் போய்ச் சேருமுன்பே வீடியோ எல்லார் போனிலும் வந்துவிட்டது. 'தலைகீழ் வெரோணிக்கா' என்று பட்டமும் வைத்துவிட்டார்கள். ரியூசன் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருக்கிற சிநேகிதியும் அதற்குக் கீழே சிரிப்புக் குறி போட்டிருந்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. பார்க்கக் கூடாது என்று போனைத் தலையணைக்குக் கீழே வைப்பேன். கொஞ்ச நேரத்தில் கை தானாகப் போய்விடும். ஒவ்வொரு புதுக் கருத்துக்கும் நெஞ்சு படபடத்தது. சோறு இறங்கவில்லை. ரியூசனுக்கும் போகவில்லை.

கோவிலுக்குப் போய் மாதாவிடம் அழுதேன். அந்த வீடியோ அழிய வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று கேட்டேன். வெளியே வந்து போனைப் பார்த்தால், கனடாவில் இருக்கிற மாமி வரை அதைப் பகிர்ந்திருந்தா! மாதாவோடும் கோபித்துக்கொண்டேன்.

நாடகம் பழக்கும் அண்ணாவியாரிடம் போய், இனி மேடை ஏறமாட்டேன் என்றேன். வேறு ஆள் இல்லை என்று கையை விரித்தார். அம்மா மட்டும், "ஏறாட்டிலும் பரவாயில்லை, ஒரு வாய் சாப்பிடு பிள்ளை" என்று சோற்றுக் கோப்பையோடு நின்றா. அன்றுதான் என் மன்றாட்டு மாறியது. ஆண்டவரே, வீடியோ கிடக்கட்டும், அந்த ஒரு நிமிடம் என் கையைப் பிடித்துக்கொள்ளும் என்று கேட்டேன்.

இரண்டாம் சனிக்கிழமை நான் வந்ததுமே போன்கள் எல்லாம் உயர்ந்தன. இந்த முறை முள்முடி மேலே வரத் துணியை விரித்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழும்பி நேரே என்னிடம் வந்தா.

"கொஞ்சம் பதிச்சுப் பிடியுங்கோ பிள்ளை. என்ர மகன் ஆஸ்பத்திரியில கிடக்கிறான்."

குனிந்து பிடித்தேன். வர்ணத்தால் கீறிய அந்த முகத்தைத் தொட்டு, மகனின் பெயரைச் சொல்லி அழுதா. என்னை அவ பார்க்கவே இல்லை. அவவுக்கு அங்கே ஆண்டவர் மட்டும்தான் இருந்தார். நானும் அந்த மகனுக்காக அழுது மன்றாடினேன். எத்தனை போன் என்னைப் படம் பிடித்தது என்று பார்க்க மறந்துபோனேன். வீட்டுக்கு வந்து சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

வீடியோ இன்னும் அழியவில்லை. அழிந்தது என் பயம்தான். சிநேகிதி இப்போதும் 'தலைகீழ்' என்று கூப்பிடுவாள். "ஓம், வாறன்" என்று போவேன்.

போனைப் பார்த்துப் பார்த்து நெஞ்சு படபடக்கிற தம்பி தங்கச்சிமாரே, உங்கள் நெஞ்சையும் அவரிடம் கொடுங்கள், அவர் கைவிடமாட்டார். இந்த வருடமும் நான்தான் வெரோணிக்கா. துணியின் மேற்கரையில் அம்மா சிவப்பு நூலால் ஒரு அடையாளம் தைத்திருக்கிறா. ஆண்டவரில் எனக்குப் பூரண நம்பிக்கை. என்னில்தான் அம்மாவுக்குக் கொஞ்சம் சந்தேகம்.