சத்தம் வராத பள்ளிக்கூடம்

"ஏழெட்டு ஐம்பத்தாறு" என்று அஞ்சலாட்சி சொல்வது அவள் காதிலேயே சரியாக விழாது. எதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்களும் அவள் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, அதே அளவு மூச்சில் திருப்பிச் சொல்வார்கள். மூன்று தலைகளும் ஒன்றையொன்று முட்டாத குறையாகச் சுவரோரம் கூடியிருப்பதைத் தெருவிலிருந்து எட்டிப் பார்ப்பவர்கள், பக்கத்து வீட்டுச் சங்கதி ஏதோ பேசுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். நடப்பது என்னவோ வாய்ப்பாடு.

சாரம் பகுதியில் இருந்த அந்த வீட்டுக்கு ஒரே அறை. அறையின் பாதியில் பாயை விரித்து, முகத்தின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு அவள் கணவர் கோவிந்தராசு படுத்திருப்பார். டவுனில் ஒரு ரொட்டிக் கிடங்கில் அவருக்கு வேலை. ஊரார் தூங்கும் நேரத்தில் மாவு பிசைந்து, நீட்டு ரொட்டி சுட்டெடுத்து, பொழுது விடிந்ததும் சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு கடைகடையாகப் போட்டுவிட்டு, எட்டரை மணிக்கு வீடு திரும்புவார். புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும். கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பார். பெண்களை உட்கார வைத்துப் பாடம் சொல்ல அஞ்சலாட்சிக்குக் கிடைப்பதோ ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. தோட்டத்துப் பக்கம் போய் உட்காரலாமே என்றால், நாலு வீட்டு விறகடுப்புப் புகை அங்கேதான் வந்து சேரும். பெரியவள் தையல்நாயகிக்குப் புகை ஆகாது.

அந்தப் பெண்ணின் மூச்சால்தான் இந்தப் பள்ளிக்கூடமே உண்டானது. ஒன்றாவது சேர்ந்த மாதமே அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. நெஞ்சு கூடுகட்டி, உதடு நீலம் பாரித்து, தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "கொஞ்ச வருசம் கூட்டத்துல வுடாதம்மா, வூட்லயே வச்சிப் பாத்துக்க" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். இரண்டு வருஷம் சின்னவளான ஜெயமோ, அக்கா போகாத பள்ளிக்கூடத்துக்குத் தானும் போவதில்லை என்று கதவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எட்டாவது வரை படித்திருந்த அஞ்சலாட்சி பழைய புத்தகங்களைத் தேடிப் பிடித்து, அட்டை போட்டு, "வாங்கடி, நானே சொல்லித் தரேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் எழுந்திருப்பதற்குள் நாலு வருஷம் ஓடிவிட்டது.

அங்கே சட்டதிட்டங்கள் உண்டு. காய்ந்த பலப்பம் பலகையில் கிறீச்சிடும், ஆகையால் நனைத்துத்தான் எழுத வேண்டும். புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதென்றால் மேல் மூலையைப் பிடித்து, சோற்றுப் பானை மூடியைத் திறப்பவள் மாதிரி பைய எடுக்க வேண்டும். அடி கிடையாது. அடித்தால் அழுவார்கள், அழுதால் அவர் எழுந்துவிடுவார். அஞ்சலாட்சிக்குக் கோபம் வராமல் இல்லை, அதைக் காட்டத்தான் வழியில்லை. கண்ணை உருட்டுவாள், அவ்வளவுதான். அதில் பெண்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரிப்புக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தாள்: "சிரிப்பு வந்துச்சா? கெணத்தடிக்கு ஓடு. சிரிச்சி முடிச்சிட்டு வா." ஜெயம் ஒரு காலையில் நாலு தடவை ஓடுவாள். சில நாள் வாத்தியாரம்மாவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவளுக்கு முன்னால் ஓடுவதும் உண்டு.

பாட்டுப் பாடம்தான் பெரிய பாடு. ராகத்தையும் மூச்சுக்குள்ளேயே போட வேண்டும். தாளத்தைக் கை தட்டாமல் காற்றில் போடுவார்கள். அந்த நேரத்தில் மட்டும் பாயில் படுத்திருக்கும் கோவிந்தராசுவின் கால் கட்டைவிரல் லேசாக ஆடும். கனவு காண்கிறார் என்று அஞ்சலாட்சி நினைத்துக்கொள்வாள். நல்ல கனவாகத்தான் இருக்க வேண்டும், அந்தக் கட்டைவிரல் அப்படி ஆடும்.

இந்தப் பள்ளிக்கூடத்துக்காகத் தெருவே அடங்கிப் போயிற்று. தேங்காய்த்திட்டிலிருந்து மீன் கூடையோடு வரும் கன்னியம்மாளின் குரல் அடுத்த தெருவுக்கும் கேட்கும். "வவ்வாலு... சங்கரா..." என்று கூவிக்கொண்டே வருபவள், அஞ்சலாட்சி வீட்டுக்கு முந்தின வீட்டோடு வாயை மூடிக்கொள்வாள். கூடையைப் பிடித்தபடி தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய், இரண்டு வீடு தாண்டி, விட்ட இடத்திலிருந்து "...நெத்திலி!" என்று எடுப்பாள். ஐஸ்காரர் தன் வண்டி மணியின் நாக்கைக் கையால் பிடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். எதிர்வீட்டு ரேடியோ ஒன்பது மணிக்குத் தணிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அஞ்சலாட்சியின் வாயிலிருந்து "நல்லாருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை வரும். அது அவளுக்கு ஊறிப்போன பழக்கம். மழை மத்தியானம் வரை பொறுத்து வந்தால் மழைக்கும் நல்லாருக்கட்டும். பால் பொங்காமல் காய்ந்தால் பாலுக்கும் நல்லாருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள்: "ஏம்மா, ஒனக்குத் திட்டவே தெரியாதா?" "திட்றதுக்கு சத்தம் வோணுமேக்கா, நான் எங்க போவேன்?" என்பாள் அஞ்சலாட்சி.

பன்னிரண்டு மணியை ஒட்டிக் கடைசிப் பாடம், ஒத்தாசை எழுதுவது. இன்றைக்கு யார் யார் நமக்கு ஒத்தாசையாக இருந்தார்கள் என்று ஆளுக்கு மூன்று வரி எழுத வேண்டும். எழுத்துப் பிழை பார்க்கவும் ஆயிற்று, மனசில் பதியவும் ஆயிற்று என்பது அவள் கணக்கு. தையல்நாயகி முறையாக எழுதுவாள்: "மீன் விற்கும் கன்னியம்மாள் நம் வாசலில் கூவவில்லை. இன்று எனக்கு இழுப்பு வரவில்லை. அம்மா கோபித்துக்கொள்ளவில்லை." ஜெயத்தின் ஒத்தாசையெல்லாம் வயிற்றைச் சுற்றியே வரும்: "அப்பா ரொட்டியின் மூக்கை எனக்குக் கொடுத்தார். தோசை ஓரம் முறுகலாக இருந்தது. காக்கா கத்தியது, ஆனாலும் சோறு நன்றாக இருந்தது." திருத்தும்போது அஞ்சலாட்சிக்கு மனசு நிறைந்துவிடும். ஓட்டு வீடும் ஒற்றை அறையும்தான், ஆனால் அந்தப் பன்னிரண்டு மணிக்குத் தன்னைவிடப் பணக்காரி அந்தத் தெருவில் இல்லை என்றே நினைத்துக்கொள்வாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் மே மாதம் டாக்டர் தையல்நாயகியின் முதுகில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "சளி சுத்தமா இல்ல. ஜூன்ல ஸ்கூலுக்கு அனுப்பு" என்றார். அஞ்சலாட்சி நல்லாருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தாள், பத்தடி நடந்ததும் நின்று விரல்விட்டு எண்ணினாள். பெண்ணுக்குப் பத்து வயது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விசாரித்தபோது, சோதித்துப் பார்ப்போம், தேறினால் ஐந்தாவது, தேறாவிட்டால் ஒன்றாவதிலிருந்துதான் என்று சொல்லிவிட்டார்கள். இதைக் கேட்ட தையல்நாயகி, "ஒண்ணாவதுல போட்டா நான் போவ மாட்டேம்மா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அந்த வீட்டில் எதையும் மெதுவாகத்தானே சொல்வார்கள்? ஆனால் பெண்ணின் பிடிவாதம் தாய்க்குத் தெரியும். ஆறு வயதுப் பிள்ளைகள் நடுவில் முழங்கால் இடிக்க ஒரு நாள் உட்கார வைத்துவிட்டால் மறுநாள் அவள் போக மாட்டாள். அதோடு படிப்பும் முடிந்தது.

சோதனை நாளில் அஞ்சலாட்சி இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு போனாள், கோவிந்தராசு ரொட்டி போட்டுவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தலைமையாசிரியை ஆதிலட்சுமி டீச்சரின் அறையில் சுவரோரம் ஒரு பெஞ்சு. "நான் இப்பிடி குந்திக்கிறேன்" என்று அதில் உட்கார்ந்தவர், துண்டை மடியில் போட்டுக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

டீச்சர் முதலில் எழுதச் சொன்னார். தையல்நாயகி எழுதினாள். பார்த்துவிட்டு, "எழுத்து முத்து முத்தாத்தான் இருக்கு" என்றார். "எங்க, பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு."

தையல்நாயகி அப்பாவைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

"இன்னாம்மா? காதுல வுழல."

மறுபடியும் உதடு அசைந்தது.

"வாயில இன்னா வச்சிருக்க? தொறந்து சொல்லும்மா." டீச்சர் புத்தகத்தை எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அந்தப் பெண் பக்கத்தின் மேல் மூலையைப் பிடித்து, பைய எடுத்துப் புரட்டி, ஒரு பாரா முழுவதும் படித்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வார்த்தையும் போய்ச் சேரவில்லை.

அஞ்சலாட்சி குறுக்கே வந்தாள். "டீச்சர், பொண்ணுக்கு எல்லாம் தெரியும்ங்க. எங்க வூட்ல அவரு பகல்ல..." என்று ஆரம்பித்தால், அவள் குரலும் மூச்சுக்காற்றாகத்தான் வந்தது. அவளுக்கே திகைப்பாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு பார்த்தாள், அப்போதும் அதேதான்.

"குடும்பத்துக்கே இப்பிடியா?" என்றார் டீச்சர். அவர் கெட்டவர் இல்லை, சலிப்பை மறைத்துக்கொண்டுதான் பேசினார். "ஒரு கிளாஸுக்கு அம்பது புள்ளைங்கம்மா. வாயே தொறக்காத பொண்ண அஞ்சாவதுல வச்சிக்கினு வாத்தியார் இன்னா பண்ணுவாரு? ஒண்ணாவதுல கொஞ்ச நாளு பழகட்டும்." பேனாவைத் திறந்தார்.

தையல்நாயகி தரையைப் பார்த்தாள். அவள் கீழுதடு துடிப்பதை அஞ்சலாட்சி பார்த்தாள். பேனா முனை விண்ணப்பத்தைத் தொடப் போவதையும் பார்த்தாள். எங்கே இருந்துதான் வந்ததோ அந்தக் குரல்!

"என்னாங்க! எழுந்திரிங்க! ஒங்க பொண்ணு பாடம் சொல்லப் போவுது!"

பக்கத்து வகுப்பில் கூட்டாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கப்பென்று நின்றுவிட்டார்கள். டீச்சரின் பேனா நழுவி உருண்டது. நாலு வருஷத்தில் அவள் தன் புருஷனை எழுப்பியது அதுதான் முதல் தடவை.

கோவிந்தராசு திடுக்கிடவில்லை. நிதானமாக ஒரு கண்ணைத் திறந்தார். "நான் எங்க தூங்கறேன்? முழிச்சிக்கினுதான் இருக்கேன்."

"நெஜமாவாப்பா?" என்றாள் தையல்நாயகி, மூச்சுக்குள்.

"நெஜமாத்தான் தையலு. நீ சத்தமா சொல்லு."

தையல்நாயகி ஒரு தடவை மூச்சை இழுத்தாள். "ஓர் பதினாறு பதினாறு!" அறை அதிர்ந்தது. சளி கட்டியிருந்த நெஞ்சிலா இவ்வளவு இடம் இருந்தது என்று அஞ்சலாட்சிக்குப் புல்லரித்தது. பெற்ற தாய், தன் மகள் முழுக் குரலில் பாடம் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டாள். கணீரென்று இருந்தது. "ஈர் பதினாறு முப்பத்திரண்டு! மூப்பதினாறு நாற்பத்தெட்டு!"

"ஏழ் பதினாறு" என்று வந்தபோது வேகத்தில் ஒரு கணம் தட்டியது. அஞ்சலாட்சி தற்செயலாகப் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். கோவிந்தராசுவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. நூற்றுப் பன்னிரண்டு, எட்டு பதினாறு நூற்றிருபத்தெட்டு, ஒன்பது பதினாறு நூற்று நாற்பத்து நான்கு என்று மகளுக்கு அரை வினாடி முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. உதட்டைப் பார்த்துப் பாடம் பிடிக்கும் வித்தையில் நாலு வருஷம் பழகியவளுக்கு அதைப் படிக்கச் சிரமமில்லை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத மனிதர் அவர்.

அருகில் போய்க் கேட்டாள். "அப்ப நீங்க தெனம் தூங்கலியா?"

"தூங்காம இன்னா? பாடம் முடிஞ்ச பெறகு தூங்குவேன்."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்ப."

அவளுக்குக் கோபம் வந்தது. சுளையாக மூன்று மணி நேரத் தூக்கம், நாலு வருஷம்! கோபத்தின் பின்னாலேயே அழுகை வந்தது, அதன் பின்னால் சிரிப்பும் வந்தது. ஓடிப்போய்ச் சிரிக்க அங்கே கிணறு எதுவும் இல்லாததால் மூன்றையும் நின்ற இடத்திலேயே விழுங்கிக்கொண்டாள். தெருவில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் நல்லாருக்கட்டும் சொன்னவள், கைக்கெட்டும் தூரத்தில் படுத்திருந்த ஆளுக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே என்று அப்போதுதான் நினைத்தாள்.

இதற்குள் ஜெயம், யாரும் கேட்காமலே, டீச்சரின் மேசையைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் வாய்ப்பாட்டைக் கத்தத் தொடங்கியிருந்தாள். "போதும்மா, போதும், கட்டடம் பழசு" என்று டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பெரியவ அஞ்சாவது. நீ மூணாவது." விழுந்த பேனாவை எடுத்துக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்பினார். பெயர், வயது, தெரு எல்லாம் ஆயிற்று. ஓர் இடத்தில் பேனா நின்றது.

"இது வரைக்கும் சொல்லிக் குடுத்தது யாரு?"

அஞ்சலாட்சி திரும்பினாள். கையை நீட்டிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைக் காட்டினாள். அதே நேரத்தில் பெஞ்சிலிருந்தும் ஒரு கை, நகக்கண்ணில் மாவோடு, அவளை நோக்கி நீண்டது. ஆதிலட்சுமி டீச்சர் பேனாவைப் பிடித்தபடி இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.