இல்லாத ஸ்பீடு பிரேக்கர்

கட்கியில் எங்கள் வீட்டிலிருந்து சாங்வியில் இருக்கும் பிசியோதெரபி கிளினிக் வரை பதினோரு ஸ்பீடு பிரேக்கர்கள் இருந்தன. எல்லாமே எனக்கு மனப்பாடம். எதற்குப் பெயின்ட் அடித்திருக்கிறது, எது அடுக்குமாடிக் குடியிருப்பு சொசைட்டிக்காரர்கள் தாங்களாகவே போட்டுக்கொண்டது, எது மழையில் பாதி கரைந்து ஒரு பக்கம் மட்டும் நிற்கிறது, கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஸ்கூட்டரில் எனக்குப் பின்னால் என் மனைவி உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொன்றுக்கும் இருபதடி முன்பாகவே, "பிரேக்கர் வருது, புடிச்சிக்கோ" என்பேன். அவள் என் தோளை இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்கி, முதுகைக் கட்டையாக்கிக்கொள்வாள். வண்டி மெதுவாக ஏறி இறங்கும். "ஆ" என்று ஒரு சத்தம் வரும்.

அவள் சிட்டி பஸ் கண்டக்டர். மராத்தி பேசும் ஊரான கட்கியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பிறந்தவர்கள் நாங்கள் இருவரும். நான் வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் போனேன். மராத்திப் பள்ளியில் படித்த அவள் பஸ் ஏறினாள். நெரிசல் நேரத்தில் அவள் வேலை செய்வதைப் பார்த்தால் கண் பட்டுவிடும். ஒரு கையில் டிக்கெட் மெஷின், இன்னொரு கையில் சில்லறை. எதையும் பிடித்துக்கொள்ள மாட்டாள். பஸ் வளைந்தால் கூடவே வளைவாள், பிரேக் போட்டால் இடுப்பைப் பக்கத்துச் சீட்டில் சாய்த்துக்கொள்வாள். "புடே சர்கா", அதாவது முன்னாடி நகருங்க என்று மராத்தியில் ஒரு குரல் கொடுத்தால் நகராத ஆள் கிடையாது. வீட்டிலும் அந்தக் குரலுக்கு முதலில் நகர்பவன் நான்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில், நாய் ஒன்று குறுக்கே ஓட, டிரைவர் பிரேக்கை அழுத்தினார். திரும்பி நின்றிருந்தவள் கம்பியில் போய் மோதிவிட்டாள். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். எலும்பு உடையவில்லை, நரம்புக்கு ஆபத்தில்லை, முதுகெலும்பில் டிஸ்க் ஒன்று லேசாகப் பிதுங்கியிருக்கிறது, சில வாரங்களில் ஆறிவிடும் என்றார். அதில் 'பிதுங்கியிருக்கிறது' மட்டும் எங்கள் காதில் ஏறியது. 'ஆறிவிடும்' என்று அவர் சொன்னதே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து வீட்டில் என் ராஜ்ஜியம் ஆரம்பித்தது. தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக நான் கற்றது ஒன்றுதான்: எதையும் ஆட்டக் கூடாது, சொல்லாமல் எதையும் அசைக்கக் கூடாது. பெட்டியை இரண்டு பேர் தூக்குவோம். "தூக்குறேன்" என்று சொல்லித்தான் தூக்குவோம், "வைக்கிறேன்" என்று சொல்லித்தான் வைப்போம். அதே சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். அரிசி டப்பா, செருப்பு, துணி சோப்பு எல்லாம் இடுப்பு உயரத்துக்கு ஏறின. பக்கெட்டை அவள் தொடவே கூடாது. குனியப் போனால் "குனியாத!" என்று அடுத்த அறையிலிருந்து கத்துவேன். "உங்க வீட்டுக்காரர் தங்கம்" என்று பக்கத்து வீட்டம்மா சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்தத் தங்கத்தின் கவனிப்பில் ஒன்றரை வருடம் போனது, வலி மட்டும் போகவில்லை.

டிப்போவில் அவளைப் பாஸ் கொடுக்கும் கவுன்டரில் உட்கார வைத்திருந்தார்கள். அதற்கும் ஒரு நாள் முடிவு வந்தது. வரும் தீபாவளி முடிந்ததும் பஸ்ஸில் ஏறத் தகுதி என்று டாக்டர் சான்றிதழ் தர வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும் என்று கடிதம் கொடுத்தார்கள். "போனா போகுது விடு, என் சம்பளம் போதும்" என்றேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "சம்பளத்துக்காகவா நான் அழுவுறேன்? அந்த பஸ்ஸுலதாங்க நான் ஒரு ஆளா இருந்தேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் சாங்வி கிளினிக்குக்குப் போக ஆரம்பித்தோம்.

நான்காவது முறை போகும்போது அது நடந்தது. வழியில் ஒரு ஸ்வீட் கடைக்கு எதிரே ஏழாவது பிரேக்கர். வழக்கம்போல, "பிரேக்கர் வருது, புடிச்சிக்கோ" என்றேன். அவள் பிடித்தாள். "ஆ" என்றாள், மற்ற நாளைவிடப் பலமாக. ஆனால் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். அந்த வாரம்தான் புதுத் தார் போட்டிருந்தார்கள். பிரேக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு, சாலையைப் பளபளவென்று சமமாக்கியிருந்தார்கள்.

"இங்க பிரேக்கரே இல்லியே" என்றேன்.

"வலிச்சுதுங்க. சத்தியமா வலிச்சுது" என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. என் தோளில் அவள் நகம் பதிந்த தடம் இருந்தது. இரண்டு பேரும் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கிளினிக்கில் இதைச் சொன்னதும் பிசியோதெரபிஸ்ட் பெண்மணி நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தார். முதுகு எப்போதோ ஆறிவிட்டது, மூளைதான் இன்னும் பழைய செய்தியை வைத்துக்கொண்டு காவல் காக்கிறது, அசைவு என்றாலே ஆபத்து என்று பழகிவிட்டது என்று மராத்தியில் விளக்கினார். என் மனைவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அப்ப எனக்குப் பைத்தியமா? நான் நடிக்கிறனா?" என்று மராத்தியில் எகிறினாள்.

"வலித்ததா?" என்று அவர் கேட்டார்.

"வலிச்சுது."

"அப்படியென்றால் வலித்ததுதான். அதை இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. உடம்பு வலிப்பது எல்லாமே மூளை வழியாகத்தான், எனக்கும் அப்படித்தான். இன்று சாலை உங்களை ஒன்றும் செய்யவில்லை. ஆபத்து வருகிறது என்ற செய்தி வந்தது, அதற்கே உங்கள் முதுகு இறுகி வலித்தது." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அந்தச் செய்தியைத் தினமும் கொண்டுவந்து கொடுப்பது யார்?"

ஒன்றரை வருடம் காவல் நின்ற தங்கம், தலை குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் போட்ட கட்டளை இரண்டுதான். அவள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிய வேண்டும், தூக்க வேண்டும், பஸ்ஸில் நிற்க வேண்டும். நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அவள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். வலி போன பிறகு குனிவது யாராலும் முடியும். வலிக்கும், ஆனால் அது உடைகிற வலி இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்த வலி இருக்கும்போதே குனிவதற்கு வேறு தைரியம் வேண்டும். முதல் வாரம் கால் பக்கெட் தண்ணீர். செருப்பு மறுபடி தரைக்கு வந்தது. அதுவரை கட்டியிருந்த இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அலமாரியில் போட்டாள். ஒரு நாள் உற்சாகத்தில் இரண்டு முழு பக்கெட் தூக்கிவிட்டு மூன்று நாள் படுத்தாள். இனி அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். நான்காம் நாள் காலையில் எழுந்து, "இன்னிக்கு அரைதான்" என்று சொல்லிக்கொண்டே பக்கெட்டை எடுத்தாள். சமையலறை வாசலில் நின்று, கத்தாமல் இருப்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பஸ். வேலை முடிந்து திரும்பும்போது பயணியாக ஏறி, இரண்டு ஸ்டாப் நின்றுகொண்டு வருவதாக ஏற்பாடு. முதல் நாள் நான் வீட்டில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரில் அந்த பஸ்ஸின் பின்னாலேயே போனேன். இறங்கியவள் நேராக என்னிடம் வந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"சும்மா, இந்தப் பக்கம்..."

"என் மூளைய நம்பவைக்க நான் இங்க பாடுபட்டுனு இருக்கேன். நீங்க ஆம்புலன்ஸ் மாதிரி பின்னாடியே வந்தா அது என்னான்னு நெனைக்கும்? ஏதோ ஆவப்போவுதுன்னு தானே நெனைக்கும்?"

பிசியோதெரபிஸ்ட் இரண்டு மாதமாகச் சொன்னதை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். எனக்கு அசடு வழிந்தது. ஆனாலும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து சாதம் வைத்தேன்.

இரண்டு ஸ்டாப் நான்கானது, நான்கு எட்டானது. தீபாவளி முடிந்த வாரம் டாக்டர் அவளைக் குனியவைத்து, நிமிரவைத்து, பெட்டி தூக்கச் சொல்லிப் பார்த்து, சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். மறு திங்கட்கிழமை காலையில் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினாள். "பின்னாடி வர வேண்டாம்" என்றாள். நான் பின்னாடி போகவில்லை. வழியில் ஒரு ஸ்டாப்பில் காத்திருந்து, பயணிகளோடு பயணியாக அவள் பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன்.

நல்ல கூட்டம். அவள் பின்பக்கத்திலிருந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தாள். இரண்டு கையிலும் வேலை, எதையும் பிடிக்கவில்லை. எனக்கு முன் கண்ணாடி வழியாகச் சாலை தெரிந்தது. முன்னே ஒரு பிரேக்கர், பெயின்ட் அடிக்காதது. டிரைவர் வேகத்தைக் குறைக்கிற மாதிரி தெரியவில்லை. வாய் தானாகத் திறந்தது. கம்பியிலிருந்து கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். பஸ் தூக்கிப் போட்டது. பிடிமானம் இல்லாத நான் பக்கத்தில் நின்றவர் மேல் சரிந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தியது.

"தரூன் உபே ரஹா, காகா" என்றாள். பிடித்துக்கொண்டு நில்லுங்கள், பெரியவரே என்று அர்த்தம். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் கால்களைக் கொஞ்சம் அகட்டி, இடுப்பைச் சீட்டில் சாய்த்து, பஸ் ஆடியபடி ஆடிக்கொண்டு நின்றிருந்தாள்.

"வலிக்குதா?" என்று தமிழில், மெதுவாகக் கேட்டேன்.

"கொஞ்சம் வலிக்குது" என்றாள் அவளும் தமிழில். "எங்க போவணும், சொல்லுங்க. கூட்டம் நிக்குது."

எங்கே போகவேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. கடைசி ஸ்டாப் என்றேன்.