விரல் கேட்டேன், எலும்பு தந்தார்

சபையில் இருக்கும் என் சகோதரங்களே, விரல் திரும்பி வரவில்லை. பிறகு ஏமாறக்கூடாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் லண்டன் இல்ஃபோர்டில் ஓர் இறைச்சிக் கடையில் வாள் மெஷினில் ஆடு வெட்டுகிறவன். அதற்கு முன் பெற்றோல் ஷெட், பேக்கரி லொறி. வேலை எதுவானாலும் ஞாயிறு பின்னேரம் ஒரு பப்பில் கிட்டார் வாசித்து, கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுப் பாடுவேன். இருபத்தாறு வருடம். அதற்காகத்தான் மற்ற ஆறு நாளும் வேலைக்குப் போனேன்.

போன மாசியில் உறைந்த ஆட்டுத்தொடை வழுக்கி, இடது கையின் நடுவிரலும் மோதிரவிரலும் போயின. தந்தியை அமுக்குகிற கை. விரல்களை ஐஸில் வைத்துத் தரும்படி ஆம்புலன்ஸில் வந்தவர்கள் கேட்டார்கள். அதற்குள் முதலாளி, சனம் பார்த்தால் வியாபாரம் கெட்டுவிடும் என்று எலும்புக் கழிவோடு அள்ளிக் கொட்டிவிட்டார். கழிவு வாளியில் தேடினார்கள். எது ஆடு, எது நான் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நம் சபை மூப்பர் வந்தார். கொண்டுவந்த திராட்சையை அவரே முக்கால்வாசி தின்றார். "பப்பில வாசிச்ச கையெல்லோ தம்பி. ஆண்டவர் வாங்கிப்போட்டார்" என்றார்.

மூன்று மாதம் அதை நம்பினேன். முழங்காலில் நின்று விரலைக் கேட்டேன். பிறகு, "வாங்கியது நீர்தான் என்றால் அதையாவது சொல்லும்" என்று சண்டை பிடித்தேன். கிட்டாரைப் பார்த்துப் பார்த்து நான் அழுவதைத் தாங்காமல், மனைவி வசந்தி அதை விற்க ஆள் பிடித்தாள். நானும் தலையாட்டினேன்.

அந்த ஆள் நாலு மணிக்கு வருவதாக இருந்தது. துடைத்த கிட்டார் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. பக்கத்தில் நான் சோறும் எலும்புக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஜெபம் சொல்லவில்லை. இனி எதற்கு என்றிருந்தது. வலது கையில் சோறு இருக்க, இடது கையால் நல்லி எலும்பைப் பிடித்தேன். வழுக்கியது. எலும்பு தந்திகளில் விழுந்து உருண்டது. யாரோ நீட்டி அழுவதுபோல் ஒரு சத்தம்.

"விக்கிற சாமானில எண்ணெய் பூசாதேங்கோ" என்ற வசந்தி அப்படியே நின்றாள். "இஞ்சை, அதை இன்னொருக்காச் செய்யுங்கோ."

கிட்டாரை மடியில் கிடத்தினேன். இடது கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் எலும்பைப் பிடித்துத் தந்திமேல் இழுத்து, வலது கையால் மீட்டினேன். என் பழைய பாட்டு வந்தது. வாய்விட்டு அழுதேன். நாலு மணிக்கு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினோம்.

எலும்பு கொஞ்சம் நீளம், அளவாக வெட்ட வேண்டும். திங்கட்கிழமை கடைக்குப் போனேன். அதே வாள். "மிச்ச விரலையும் தரப்போறியோ?" என்று முதலாளி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். "ஆண்டவரே, இது மட்டும்" என்று சொல்லி சுவிட்சைப் போட்டேன். வெட்டினேன்.

இப்போது திரும்பவும் அந்த வாளில்தான் வேலை. ஞாயிறு பின்னேரம் எலும்போடு பப்பில் இருப்பேன். கேட்டதையே தருவார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் கேளுங்கள். அவர் தருவது எச்சில் தட்டில் கிடந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்துக்கொண்டேன், அவருக்கு நன்றி.

மூப்பரே, இந்த ஞாயிறு நீங்களும் வாருங்கள். ஆண்டவர் மிச்சம் விட்ட விரல்கள் என்ன செய்கின்றன என்று வந்து பாருங்கள்.