வாடிய மரத்தை எடுத்துவிட்ட கிழமை

துறைமுகத்துப் பக்கம், சைக்கிள் சாமான் கடையொன்றின் மேல்மாடியில் எங்களுக்கு ஓர் அறை இருந்தது. எங்களுக்கு என்றால் எனக்கும், கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு தம்பிக்கும். திரையில் தெரிவதையெல்லாம் நான் வரைவேன். அதை ஓடவைப்பது அவருடைய வேலை. பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு மேசை, காற்றைவிடச் சத்தத்தை அதிகம் தருகிற ஒரு ஃபான். கோதுமைக் கப்பல் வந்து நிற்கும் நாட்களில் யன்னல் முழுக்கக் கப்பல்தான்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு செயலி. கடையில் வாங்கியதைப் பதிந்தால், அந்தச் செலவு மண்ணுக்கும் கடலுக்கும் எவ்வளவு பாரம் என்று அது சொல்லும். கொழும்பில் ஒரு நிறுவனம் சிறிய உதவித்தொகை தந்திருந்தது. வெறும் எண்களைக் காட்டினால் யார் பார்ப்பார்கள் என்று நான் ஒரு பூவரச மரம் வரைந்தேன். நல்லதை வாங்கினால் துளிர்க்கும். பிளாஸ்டிக்கும் பொலித்தீனும் வாங்கினால் இலை பழுத்து, சுழன்று சுழன்று விழும். அந்த இலை விழுகிற விதத்துக்காக நான் நாட்கணக்கில் மினக்கெட்டேன். கொழும்பில் காட்டியபோது கை தட்டினார்கள்.

பிறகு தெரிந்தவர்கள் சிலரிடம் கொடுத்துப் பாவித்துப் பார்க்கச் சொன்னோம். அவர்களில் ஒருத்தி என்னோடு படித்தவள். நிலாவெளியில் ரீச்சர். பாரிசவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்ட தாயை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

“என்னடி, உன்ட மரத்துக்கு என்னில என்ன கோவம்?”

“ஏன், என்ன நடந்தது?”

“ஒரு இலை இல்ல. மொட்டையா நிக்குது. அம்மாவுக்கு டயப்பர் வாங்கினாக் கொட்டுது. எங்கட கிணத்துத் தண்ணி உப்பு, போத்தல் தண்ணி வாங்கினா அதுக்கும் கொட்டுது. நான் என்ன செய்யிறது, சொல்லு?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு குரல் இறங்கியது. “கடையால வந்து ஃபோனத் திறக்கவே ஒரு மாதிரிக் கிடக்கடி.”

ஃபோனை வைத்ததும் தம்பியிடம் சொன்னேன். “டயப்பருக்கு மட்டும் விலக்குக் குடுத்தாப் போச்சு அக்கா, சின்ன வேலதான்” என்றார். ஆனாலும் இருவருக்கும் மனம் ஆறவில்லை. சனிக்கிழமை நிலாவெளி பஸ் ஏறினோம்.

அவளுடைய தாய் யன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். கட்டிலில் விரித்திருந்தது பழைய சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்பு. கதவுக் கொளுக்கியில் கறுப்புப் பை ஒன்று தொங்கியது. தம்பி அதைத் தொட்டுப் பார்த்தார்.

“இது எங்க வாங்கினீங்க?”

“வாங்கேல்ல. குடை உடைஞ்சு போச்சு. சீலையக் கழட்டித் தைச்சனான். மழைக்கும் நனையாது.”

“இத ஏன் நீங்க பதியல்ல?”

“உங்கட செயலி வாங்கினதைத்தானே கேக்குது. வாங்காததை எங்க பதியிறது?”

அவள் குத்திக் காட்டவில்லை. எந்தப் பொத்தானை அமத்த வேண்டும் என்று உண்மையாகவே கேட்டாள். அப்படி ஒரு பொத்தான் இல்லை. கட்டிலிலிருந்து தாய் குழறிய குரலில், “பிள்ளையளுக்குத் தேத்தண்ணி குடுத்தனியே?” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நெரிசல். சாம்பல்தீவுப் பாலம் தாண்டியதும் தம்பி கேட்டார். “மரத்த எடுத்துருவமா அக்கா?”

நான் வரைந்த மரம். அதைவிட அழகாக எதையும் நான் அதுவரை வரைந்ததில்லை. டவுன் வந்து இறங்கின பிறகுதான் என்னால் “ஓம்” என்று சொல்ல முடிந்தது.

அந்தக் கிழமையே எடுத்துவிட்டோம். மரம் நின்ற இடத்தில் ஒரு கேள்வி மட்டும் வைத்தோம்: இந்தக் கிழமை எதைத் திருத்தினீர்கள், எதை வாங்காமல் விட்டீர்கள்? விரும்பினால் படம் போடலாம். பக்கத்தில், எந்தச் சாமானை எங்கே திருத்தலாம் என்று காட்டும் ஒரு வரைபடம். முதலில் வந்தது அந்தக் குடைச்சீலைப் பை. மூதூரிலிருந்து தைத்தெடுத்த பாடசாலைச் சப்பாத்து வந்தது. சம்பூரிலிருந்து ஒருவர் ஒரு கதவின் படத்தைப் போட்டு, “சண்டையில இடிஞ்ச வீட்டில மிஞ்சினது. சீவிப் புது வீட்டுக்குப் போட்டிருக்கிறம்” என்று எழுதியிருந்தார். அந்தப் படத்தை நாங்கள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பின்னேரங்களில் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையிலிருந்து பிளேன்ரீயும் பணிசும் வரும். தம்பி திடீரென்று, “அக்கா, இஞ்ச ஓடி வாங்க, ஒரு கிறைண்டர்!” என்று கத்துவார். யாரோ ஒருவர் வீட்டில் மறுபடி சுற்றத் தொடங்கிய கிறைண்டருக்காக நாங்கள் இருவரும் அப்படிச் சந்தோஷப்பட்டோம்.

கொழும்புக்காரருக்கு அது பிடிக்கவில்லை. “படங்கள் வடிவுதான். ஆனா செலவுப் பழக்கம் மாறினதை எப்பிடி அளக்கிறது? அந்த மரம் எங்க?” என்று கேட்டார்கள்.

“மரம் ஆக்களப் பயப்படுத்திச்சு சேர்” என்றார் தம்பி. அவர்கள் சிரித்தார்கள். உதவித்தொகை அதோடு நின்றது.

பிறகு நாடே காசில்லாமல் போய், பெற்றோல் வரிசைக் காலம் வந்தது. குறைத்துச் செலவழியுங்கள் என்று யாருக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆனால் எங்கள் வரைபடத்தை ஆட்கள் அதிகம் பாவித்தது அப்போதுதான். மண்ணெண்ணெய் அடுப்பு எங்கே திருத்தலாம், பழைய சைக்கிளை யார் ஓட வைப்பார்கள் என்று தேடித் தேடி வந்தார்கள். செயலியை ஓடவைக்கும் சேவருக்கு மாதவாடகை கட்ட எங்களிடம்தான் வழியில்லாமல் போனது.

தம்பிக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. கடைசி நாள் அவருடைய உம்மா வட்டிலப்பம் கொடுத்து விட்டிருந்தார். அதைச் சாப்பிட்டுக்கொண்டே எல்லாப் படங்களையும் ஒருமுறை பார்த்தோம். பிறகு தம்பி சேவரை நிறுத்தும் பொத்தானுக்கு வந்தார்.

“அமத்தவா அக்கா?”

“அமத்துங்க.”

இப்போது நான் வீட்டிலிருந்து ஒரு பெரிய கடைக்காரருக்குச் செயலி வரைகிறேன். வாங்குகிறவரின் கூடையில் இன்னொரு சாமானைச் சேர்க்கச் சொல்லும் பொத்தான்கள். நிறத்தை எப்படி வைத்தால் விரல் அங்கே போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வேலை பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. சம்பளமும் ஒழுங்காக வருகிறது. ஆனால் ஏதாவது நன்றாக வந்துவிட்டால், கூப்பிட்டுக் காட்டப் பக்கத்தில் ஆளில்லை.