ஏரிக்கரையில் முளைத்த இரண்டு குழாய்கள்

போன திங்கட்கிழமை காலை, ஏரிக்கரைப் பாதையின் வாசலில் என் சைக்கிள் சிக்கிக்கொண்டது. இரண்டு இரும்புக் குழாய்கள்... முந்தின நாள் மாலைதான் நட்டிருக்கிறார்கள். நடுவில் ஓர் ஆள் உடம்பைத் திருப்பித்தான் நுழைய முடியும். அடியில் சிமெண்ட் இன்னும் காயவில்லை.

எவன் செய்த வேலை இது என்று கொதித்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது — கேட்டதே நான்தான்.

பாரிவாக்கத்தில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆபீஸ். ஐந்து வருஷமாக சைக்கிள். கத்திரி வெயில், ஐப்பசி மழை, எதற்கும் லீவு கிடையாது. ரோட்டில் போனால் தண்ணீர் லாரியும் டிப்பரும் உரசிக்கொண்டு போகும். ஒரு முறை ஒரு லாரி என்னைப் பள்ளத்தில் இறக்கிவிட்டு நிற்காமல் போனது. அதிலிருந்து என் மனைவியின் நிபந்தனை ஒன்றே ஒன்று: ஏரிக்கரை வழியென்றால் சைக்கிள், இல்லையென்றால் பஸ்.

அந்தப் பாதையில் வாக்கிங் போகிறவர்களைப் பற்றி எனக்குத் தனி அபிப்பிராயம் உண்டு. ஜனவரி பிறந்தால் புது ஷூவோடு ஒரு கூட்டம் வரும். பொங்கல் முடிந்தால் பாதிதான் மிச்சம். தூறல் விழுந்தால் ஒருவரும் இல்லை. ஆனால் வருகிற நாட்களில் நாலு பேராகப் பாதையை அடைத்துக்கொண்டு, காதில் இயர்போனோடுதான் வருவார்கள். பெல் அடித்தால், அவர்கள் வீட்டு ஹாலுக்குள் சைக்கிள் விட்ட மாதிரி முறைப்பார்கள்.

இதில் பைக்குகள் வேறு நுழைய ஆரம்பித்தன. விடுவேனா? கம்பி நட்டால்தான் இவர்கள் அடங்குவார்கள் என்று வாக்கிங் குழுவின் வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினேன். கட்டைவிரல்கள் குவிந்தன.

சைக்கிள் எப்படி நுழையும் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

குழுவின் தலைவர் — ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் — அங்கேயே நின்று குழாய்களை ரசித்துக்கொண்டிருந்தார். ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்தால் பைக் வருமே என்று என் மெசேஜையே எனக்குப் படித்துக் காட்டினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சார், மழை வெயில் பார்க்காம வருஷம் முழுக்க இந்தப் பாதையில வர்றவன் நான் ஒருத்தன்தான்."

"அப்போ டெய்லி உன் எதிர்க்க வந்துகினு கீறேனே, நான் யாரு சார்?"

குரல் வந்த திசையில், குழாய்களுக்கு அந்தப் பக்கம் மூன்று எருமைகள். அவற்றின் பின்னால் பால்கார அம்மா. "வாங்க கஸ்தூரிம்மா" என்று தலைவர் சொன்ன பிறகுதான் அவர் பெயரே எனக்குத் தெரிந்தது.

உண்மைதானே? கொட்டுகிற மழையிலும் தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு வருவார். நான் பார்த்ததெல்லாம் எருமைகளைத்தான்... அதுவும் டயரில் சாணி ஒட்டிவிடக் கூடாதே என்பதற்காக.

முன்னால் நின்ற எருமைக்கு எங்கள் விவாதத்தில் அக்கறை இல்லை. அதற்குக் கழுத்தில் அரிப்பு. குழாய்மேல் சாய்ந்து, கண்ணை மூடி, நிதானமாகத் தேய்த்தது. காயாத சிமெண்ட் பெயர்ந்தது. குழாய் பக்கவாட்டில் படுத்துவிட்டது. தலைவர் எருமையையே பார்த்தார். அது அவரைப் பார்க்கவில்லை. புகார் செய்யலாம்தான்... ஆனால் எருமை எந்த குரூப்பிலும் இல்லையே?

முதலில் எருமைகள் வெளியே வரட்டும் என்று ஒதுங்கப் போனேன். அதற்குள் கஸ்தூரியம்மா மூன்றையும் தட்டி ஓரம் கட்டிவிட்டார். யோசிக்காமல், பழகிய கையால்.

"நீ போ சார். உனக்கு ஆபீஸ் டைமாவுது."

வெட்கமாக இருந்தது. இந்தப் பாதையில் எனக்கு யாருமே வழி விடுவதில்லை என்று ஐந்து வருஷமாகப் புலம்பியிருக்கிறேன். தினமும் ஒருவர் விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்... நான்தான் அதை என் சாமர்த்தியம் என்று நினைத்து மிதித்துக்கொண்டிருந்தேன்.